குப்பியில் அச்சடித்த முகவரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொழில் செய்கிறவர்கள் ஆளுக்கொரு வெப்சைட் வைத்துக்கொள்ள வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். ஒரு நாள் வேலை, இரண்டாயிரம் ரூபாய் செலவு, அப்புறம் ஊர் உலகமெல்லாம் உங்கள் கடை வாசலில் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஒரு சங்கதியை விட்டுவிட்டார். வெப்சைட்டின் முகவரியை நம் பெயரிலேயே வாங்கி, காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அது. அந்த ஒன்று தெரியாமல் போனதால் 640 தேன் குப்பிகளை முன்னால் பரப்பி வைத்து, துண்டுத் தாள் வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டியவள் நான். ஆகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

கன்னியாகுமரி ஜில்லாவில் களியக்காவிளைக்குப் பக்கம் எங்கள் வீடு. மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் கேரளம், அடுத்த ஊர் பாறசாலை. அப்பா காலத்திலிருந்து தேனீ வளர்க்கிறோம். இந்தப் பக்கத்தில் அது புதுத் தொழில் இல்லை. மார்த்தாண்டத்தில் 1920களிலேயே ஒய்எம்சிஏ கிராமப் பணி மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் பெட்டியில் தேனீ வளர்க்கப் பழக்கிக்கொடுத்தார். அங்கே படித்துக்கொண்டவர்களிடம் படித்தவர்தான் என் அப்பா. இப்போது எங்களிடம் 60 பெட்டி. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலை உதிர்த்து, அப்புறம் புது இலை விடும். அந்த இளம் இலையின் காம்பு முனையில் தேன் சுரக்கும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அந்த இரண்டு மூன்று மாதம்தான் எங்களுக்கு அறுவடை. பெட்டிகளை டெம்போவில் ஏற்றி நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு பக்கத்து ரப்பர் விளைகளில் (தோட்டங்களில்) கொண்டு வைப்போம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மலையாளிகள். நல்லவேளை, தேன் என்றால் இரண்டு பாஷையிலும் தேன்தான்.

2022 பிப்ரவரியில்தான் எங்களுக்கு முதல் வெப்சைட் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒரு தம்பி செய்து கொடுத்தார். (பெயர் வேண்டாம். அவருடைய சித்தி எங்கள் தெருவில் இருக்கிறார்.) 12,000 ரூபாய் வாங்கினார். அழகாகவே செய்தார். பெட்டி படம், தேனடை படம், நான் பெட்டியின் மரச்சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம், விலை, போன் நம்பர், எல்லாம் இருந்தது. 'டாட் காம் பேரும் ரெண்டு கொல்லத்துக்கு எடுத்தாச்சு சேச்சி, இனி ஒண்ணும் பாக்கண்டாம்' என்றார். டாட் காம் என்று முடிகிற வெப்சைட் முகவரியை இரண்டு வருஷத்துக்கு வாங்கியாயிற்று என்று அர்த்தம். நானும் பார்க்கவில்லை. பிரஸ்ஸுக்குப் போய் 1,500 லேபிளில் அந்த முகவரியைப் பெரிதாக அச்சடித்து வந்தேன்.

2024 ஜூலையில் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு வாடிக்கைக்காரர் போன் செய்தார். ரிட்டயர்ட் ஆன மனிதர், நிதானமாகப் பேசுகிறவர். அன்றைக்குக் கொஞ்சம் கூச்சத்தோடு பேசினார். 'சேச்சி, ஈ குப்பியிலெ அட்ரஸ் அடிச்சால் சீட்டுகளியாணல்லோ வருந்நது!' குப்பியில் உள்ள முகவரியை அடித்தால் சீட்டாட்டம்தானே வருகிறது என்கிறார்.

நான் போனில் அடித்துப் பார்த்தேன். உண்மைதான். என் தேன் படம் இருந்த இடத்தில் ரம்மி, கிரிக்கெட் பந்தயம், மின்னி மின்னி அணைகிற சிவப்பு எழுத்து. குப்பியின் ஒரு பக்கத்தில் தேனீ படம், அதற்குக் கீழே சூதாட்டக் கடைக்கு வழி.

தம்பியைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சித்தியிடம் கேட்டபோதுதான் அவர் கடையை மூடிவிட்டு வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது என்று தெரிந்தது. பிறகு வாட்ஸாப்பில் கிடைத்தார். வருத்தப்பட்டார். அவர் கள்ளன் இல்லை, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவர் செய்த ஒரே பிழை, பெயரை வாங்கும்போது தன்னுடைய ஈமெயிலையும் தன்னுடைய போன் நம்பரையும் போட்டு வாங்கியது. வேலை சுலபமாகட்டும் என்று நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்களாம். டாட் காம் பெயரை விற்கிறவர்கள் காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்னால் ஒரு தரம், ஒரு வாரம் முன்னால் ஒரு தரம், முடிந்த பிறகும் ஐந்து நாளைக்குள் ஒரு தரம் நினைவூட்டு அனுப்பியாக வேண்டும் என்பது விதி. அனுப்பித்தான் இருக்கிறார்கள். எல்லாம் அவருடைய பழைய கடை ஈமெயிலுக்குப் போய்க் கிடந்தது. அதை அவர் திறந்தே மாசக்கணக்காயிற்று.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், பெயர் காலாவதியான மறுநாளே கைவிட்டுப் போவதில்லை. டாட் காம் என்றால், விற்றவர் 45 நாள் வரை வைத்திருக்கலாம். அதற்குள் சாதாரணக் கட்டணம் கட்டியே அனேகமாக மீட்டுக்கொள்ளலாம். (சில கம்பெனிகள் அதற்குள்ளேயே ஏலத்தில் விடுவதும் உண்டு.) அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதில் தண்டம் கனமாக இருக்கும். அதுவும் முடிந்தால் ஐந்து நாள் யாரும் தொட முடியாமல் கிடக்கும். பிறகுதான் பொது வழி, முந்தினவனுக்குச் சொந்தம். கூட்டிப் பாருங்கள், 80 நாள். பிப்ரவரியிலிருந்து மே வரை எனக்கு அவகாசம் இருந்திருக்கிறது. அந்த மூன்று மாதமும் நான் ரப்பர் விளையில் முகத்தில் வலையைக் கட்டிக்கொண்டு தேன் எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல பெயராகப் பார்த்து இப்படிக் காலாவதியாகும்போது பிடிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நாம் இரண்டு வருஷம் லேபிளிலும் நோட்டீஸிலும் விளம்பரம் செய்து வைத்த பெயர் என்றால் அவர்களுக்கு இன்னும் விசேஷம்.

பெயரும் இடமும் வேறு வேறு என்பதே எனக்கு அன்றுவரை புரிந்திருக்கவில்லை. தங்கச்சி மகள் நாகர்கோவிலில் பாலிடெக்னிக் படித்தவள். அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து புரியவைத்தாள். அவள் சர்வர், ஐபி என்று தொடங்கியதும் நான் கையைக் காட்டி நிறுத்தி, 'மக்களே, பெட்டியை வச்சு சொல்லு' என்றேன்.

பெட்டி என்னுடையது. தேனீ என்னுடையது. ஆனால் பெட்டி வைக்கிற ரப்பர் விளை இன்னொருவருடையது, அவருக்கு வாடகையாகப் பணமோ தேனோ கொடுக்கிறேன். அந்த விளைதான் ஹோஸ்டிங். நம் படங்களும் எழுத்தும் இருபத்துநாலு மணி நேரமும் அணையாமல் ஓடுகிற இன்னொருவருடைய கம்ப்யூட்டரில் வாடகைக்கு இருக்கின்றன. விளைக்காரர் சரியில்லையென்றால் பெட்டியைத் தூக்கி வேறு விளைக்குக் கொண்டுபோகலாம், ஒன்றும் குடி முழுகாது. டொமைன் என்கிற பெயர் அப்படியல்ல. வாடிக்கைக்காரர் தேடி வருகிற அடையாளம் அது. அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் சொல்கிற விளைக்குத்தான் எல்லோரும் போவார்கள். பெயர் போய்விட்டால் பெட்டி பத்திரமாக இருந்தும் பிரயோஜனமில்லை. என் கதை அதுதான். படமெல்லாம் அந்தத் தம்பி எடுத்திருந்த ஹோஸ்டிங்கில் அப்படியே இருந்தது, போய்ச்சேர வழிதான் இல்லை.

பழகினவர்களுக்குத் தெரியும், பெட்டியைப் பகலில் நகர்த்தக் கூடாது. இருட்டி எல்லா ஈயும் உள்ளே வந்த பிறகு வாசலை அடைத்துத்தான் தூக்க வேண்டும். பகலில் நாலு தென்னை தள்ளி வைத்தால்கூட, மேயப் போன ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும். வெப்சைட்டிலும் இதே கூத்து நடக்கிறது. பெயர் வாங்கின இடத்தில் நேம்சர்வர் என்று இரண்டு வரி இருக்கும். 'என் பெட்டி இன்ன விளையில் இருக்கிறது' என்று ஊருக்குச் சொல்கிற வரி அது. அதை மாற்றினால் உடனே எல்லோருக்கும் புது இடம் தெரியாது. வழியில் உள்ள நெட் கம்பெனிகள் பழைய விலாசத்தைக் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்திருக்கும். பிறகு புதுப் பெயரில் சைட் போட்டபோது எனக்கு அது தெரிந்தது, பாறசாலையில் இருக்கிற நாத்தனாருக்குத் தெரியவில்லை. அவர் 'ஒண்ணும் வரல்லியே' என்கிறார், நான் 'வந்திருக்கே' என்கிறேன். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் ஈ எல்லாம் புது இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். இது தெரியாமல் ராத்திரி ஒரு மணி வரை அதை மாற்றி இதை மாற்றிக் கெடுத்துக்கொண்டோம். தொடாமல் தூங்கியிருந்தால் போதும்.

இந்தத் தடவை பெயரை நானே வாங்கினேன். என் ஈமெயில், என் போன், என் கார்டு. ஈமெயிலும் கடைக்கென்று தனியாக ஆரம்பித்ததல்ல, தினமும் திறக்கிறது. வாங்கின பிறகு ஒரு மெயில் வரும், அதில் உள்ள லிங்கை அழுத்தி 'இது என் மெயில்தான்' என்று உறுதி செய்ய வேண்டும். எனக்கு அது ஸ்பாமில் போய் விழுந்திருந்தது. டாட் காம் போன்றவற்றில் 15 நாளைக்குள் செய்யாவிட்டால் பெயரை நிறுத்தி வைத்துவிடுவார்கள். பதினோராம் நாள்தான் கண்டுபிடித்தோம். முதல் வருஷம் 149 ரூபாய் என்று பெரிதாகப் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் அடுத்த வருஷத்திலிருந்து ஆயிரத்துக்கு மேல், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. நான் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்டிவிட்டேன். பத்து வருஷம் வரை கட்ட இடம் உண்டு.

பெயர் தேர்ந்தெடுப்பதில் ஒரு தமிழ்க் கஷ்டம் இருக்கிறது, அதை எந்தக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை. தேன் என்பதை இங்கிலீஷ் எழுத்தில் எப்படி எழுதுவது? டி, எச், இ, என் என்று போட்டால் அது இங்கிலீஷில் 'அப்புறம்' ஆகிவிடுகிறது. இரண்டு இ போடுகிறவர்கள் உண்டு, ஏ, இ போடுகிறவர்கள் உண்டு. பக்கத்து ஊர்ப் பெயரைச் சேர்க்கலாம் என்றால் குழித்துறையில் ழ வருகிறது. அதற்கு இசட், எச் போடுவது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் மலையாளிகளுக்கும் தெரியும், மதுரைக்காரர் எல் போட்டுத் தேடுவார். கடைசியில் ஒரு சோதனை வைத்தேன். போனில் ஒரே தடவை சொல்லி, கேட்டவர் பிழையில்லாமல் எழுதினால் அந்தப் பெயர் பாஸ். பதினாலு பெயரில் இரண்டுதான் தேறின. தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா' என்று முடிகிற முகவரியும் வாங்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் அடிக்கத் தெரியாது என்பதால் விட்டுவிட்டேன். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

சைட்டில் போடுவதற்கு லேபிளில் இருந்த தமிழ் வாசகத்தைப் பிரஸ்காரரிடம் பைலாக வாங்கி ஒட்டினோம். தமிழே வரவில்லை. இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வந்தது. வைரஸ் என்று பயந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அச்சகங்களில் இன்றைக்கும் ஓடுகிற பழைய எழுத்துருக்கள் சில இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தி வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் அடித்தால்தான் எல்லா போனிலும் தமிழாகத் தெரியும். நாலு பக்க வாசகத்தையும் போனில் நானே திரும்ப அடித்தேன். அடித்ததில் இரண்டு பிழையும் திருத்தினேன். 1,500 லேபிளிலும் 'இயற்க்கை' என்று இருந்திருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லை!

இன்னொன்று, வீட்டு லேப்டாப்பில் தெரிந்த படங்களில் மூன்று சைட்டில் தெரியவில்லை. பைல் பெயரின் கடைசி இங்கிலீஷ் எழுத்துகள் பெரிய எழுத்தில் (கேபிடல்) இருந்தன, வெப்சைட் பக்கத்தில் அதே பெயரைச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தோம். வீட்டு விண்டோஸ் அதைக் கண்டுகொள்வதில்லை. எங்கள் ஹோஸ்டிங் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறு ஆளாகப் பார்க்கும். இதற்கு அரை நாள் போயிற்று.

பிரவுசருக்கும் சைட்டுக்கும் நடுவில் யாரும் எட்டிப் பார்க்காமல் காக்கிற சான்றிதழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். (முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படமாகத் தெரியுமே, அதுதான். இப்போது சில பிரவுசரில் அந்தப் படம் இல்லை.) சான்றிதழ் இல்லாவிட்டால் பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்று பயமுறுத்தும். அந்தச் சான்றிதழுக்கு ஒருவர் எங்களிடம் வருஷத்துக்கு 2,500 கேட்டார். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கில்லாத அமைப்பு 2015லிருந்து அதை இலவசமாகவே கொடுக்கிறது, நிறைய ஹோஸ்டிங் கம்பெனிகளில் ஒரு பட்டனை அழுத்தினால் வந்துவிடும். எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு அதுவே தாராளம்.

1991, 92ல் 'தாய் சாக்புரூட்' (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் வந்து கேரளத்திலும் இந்த ஜில்லாவிலும் தேனீக் கூடுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. எங்கள் வீட்டில் 40 பெட்டியில் 3 மிஞ்சியது. அந்த மூன்றும் அப்பா அருமனையில் சிநேகிதர் வீட்டில் விட்டு வைத்திருந்தவை. அன்றிலிருந்து எல்லாப் பெட்டியையும் ஒரே விளையில் வைப்பதில்லை என்று ஒரு பழக்கம். இப்போது சைட் முழுவதையும் பென்டிரைவில் ஒன்று, தங்கச்சி மகளிடம் ஒன்று என்று வைத்திருக்கிறேன். மாசம் ஒரு தடவை புதுப்பிக்கிறேன். போன மாசம் மறந்துவிட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஏற்கெனவே யாரிடமோ கொடுத்து சைட் செய்து வைத்திருக்கிற தையல் கடைக்காரர், முந்திரிப் பருப்பு வியாபாரி, டியூஷன் நடத்துகிறவர் நிறையப் பேர் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பெயர் யாருடைய கணக்கில் கிடக்கிறது என்று தெரியும்? லுக்கப் டாட் ஐகான் டாட் ஆர்க் (lookup.icann.org) என்ற பக்கத்தில் நம் டாட் காம் முகவரியை அடித்தால், எந்தக் கம்பெனியில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று காசில்லாமல் காட்டும். உரிமையாளர் விவரம் மறைத்திருக்கலாம், தேதி தெரியும். செய்து கொடுத்தவர் ஊரில் இருக்கும்போதே, சண்டை சச்சரவு இல்லாதபோதே போய், 'தம்பி, பெயரை என் ஈமெயிலுக்கு மாற்றிக் கொடு' என்று கேட்டுவிட வேண்டும். ஒரே கம்பெனிக்குள் மாற்றுவது சில நிமிஷ வேலை. வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக ஒரு ரகசியக் குறியீடு தருவார்கள், அதைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. இந்த இரண்டையும் படத்தோடு, தமிழில், உங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் போடுங்கள். தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கும் சுய தொழில் பயிற்சிக்கும் வகுப்பெடுக்கிறவர்கள் அந்த அரைப் பக்கத்தை வெட்டி வைத்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் நல்லது. லேபிள் அச்சடிக்கப் போகும் முன் அந்த வகுப்பு நடக்க வேண்டும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான், சித்தி தினமும் பால் வாங்க எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறார்.

இப்படிக்கு,
தேனீ வளர்க்கும் ஒரு வாசகி,
களியக்காவிளை.

பின்குறிப்பு: 2023, 2024 சீசனில் எங்களிடம் வாங்கிய குப்பி யாரிடமாவது துண்டுத் தாள் ஒட்டாமல் இருந்தால், 'இயற்க்கை' என்ற பிழையை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். அதில் உள்ள முகவரியை தயவுசெய்து அடித்துப் பார்க்க வேண்டாம். தேன் நல்ல தேன்தான்.